பேச்சிப் பல்லில் ஒரு சோடிச் சப்பாத்து

அத்தியாயம் 4

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குள் போய்விட்டு ஒரு கோப்பை தேத்தண்ணிகூட குடிக்காமல் நான் வெளியே வந்தது, என் முப்பத்தாறு வயதில் அன்றைக்குத்தான். ஓட்டுக் கேட்டு வருகிறவனுக்கே கொடுக்கிறார்கள். அவனைவிட நான் மோசமா?

என் பெயர் ஜூட்சன். ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஓட்டாத நேரத்தில் பெற்றீசியா அக்காவுக்கு உதவியாளன். அக்கா பத்து வருஷம், பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் டைப் அடித்தவர். பொய்யை எப்படியெல்லாம் அழகாக எழுதலாம் என்று பார்த்துப் பார்த்தே துப்பறிவாளர் ஆகிவிட்டார். அவருக்குத் தலையில் மூளை. எனக்குத் தலையில் தொப்பி. அகன்ற விளிம்பு வைத்த பழுப்புத் தொப்பி, ஜெர்மன்காரன் ஒருவன் என் ஆட்டோவில் மறந்துவிட்டுப் போனது. உள்பக்கம் 'கிளவுஸ்' என்று அவன் பெயர்கூட மார்க்கரால் எழுதியிருக்கிறது. இரண்டு வருஷமாகக் குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுகிறேன்.

எங்கள் கட்சிக்காரர் அழகம்மா, பொகவந்தலாவைக்கு மேலே கடைசித் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். அவருடைய மகன் நிரோஷன், இருபத்துமூன்று வயது, தேசியப் பூங்காவின் ஓரத்தில் இருக்கும் உல்லாச விடுதியில் துப்புரவு வேலை செய்தவன். எட்டு நாளாகக் காணவில்லை. பூங்காவுக்குள் இருக்கும் பெரிய பாறைப் பள்ளத்தில் குதித்துவிட்டான் என்று பொலிஸ் எழுதிவிட்டது. சாட்சி, பள்ளத்துக்குப் போகும் வழியில் கிடந்த அவனுடைய சப்பாத்து.

அந்தச் சப்பாத்தைத்தான் அழகம்மா ஒரு பொலித்தீன் பையிலிருந்து எடுத்து வைத்தார்.

"படம் எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க மிஸ். நாளையோட ஃபைலை மூடிடுவாங்களாம்."

அக்கா சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தார். அடுத்து என்ன செய்தார் தெரியுமா? உள்ளே விரலை விட்டுச் சுரண்டி, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். எட்டு நாள் பழைய, அடுத்தவன் சப்பாத்து! எனக்குக் காலையில் தின்ற ரொட்டி தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"இது எங்க கிடந்திச்சு?"

"பேச்சிக் கல்லடியில மிஸ். தேயிலை முடிஞ்சு காடு தொடங்குற எடம். பேச்சிப் பல்லுக்கு, அந்தப் பள்ளத்துப் பக்கம் போற எங்க ஆளுங்க எல்லாரும் அங்கதான் செருப்பைக் கழட்டுவாங்க. செருப்போட மிதிச்சுக்கிட்டு மேல போகமாட்டோம்."

"சரி. நாங்க என்ன செய்யணும்?"

"நீங்க பள்ளத்துக்குள்ள எறங்கிப் பாக்கணும். அவ்வளவுதான். வெறகுப் பாதை ஒண்ணு இருக்கு, நான் காட்டுறேன்."

நான் அடுப்புப் பக்கம் பார்த்தேன். கேத்தல் கவிழ்த்து வைத்திருந்தது. மூலையில் பாய் போட்டு ஒரு சின்னப் பெண் படுத்திருந்தாள். அழகம்மாவின் பேத்தி. கண் இரண்டும் மஞ்சள். அடுத்த காம்பராவிலும் யாரோ ஓங்கரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் தேத்தண்ணி கேட்கிற தைரியம் எனக்கில்லை. ஆனால் கேட்காமலே கொடுப்பதுதானே வழக்கம்!

வெளியே வந்ததும் அக்காவிடம் முறையிட்டேன்.

"கவனிச்சேன்," என்றார். "சப்பாத்துக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேளு."

"கேட்க மாட்டேன். எனக்கு இன்னும் சாப்பாட்டு ஆசை இருக்கு."

"சவுக்காரம். சோப்பு வாசத்தோட காஞ்சு வெள்ளையாப் படிஞ்சிருக்கு. அட்டை ஏறாம இருக்கக் காலுல சவுக்காரம் தேச்சுக்கிட்டு வந்திருக்கான். ஏன்டா ஜூட்சன், சாகப் போறவன் அட்டைக்குப் பயப்படுவானா?"

பையன் குதிக்கவில்லை. அப்படியென்றால் யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள்!

பேச்சிக் கல் என்பது எண்ணெய் பூசி மஞ்சள் துணி சுற்றிய ஒரு கல். அவ்வளவுதான். அதற்குப் பின்னால் தேயிலை நின்றுவிடுகிறது, பூங்கா தொடங்குகிறது. விறகுப் பாதையைக் கையால் காட்டிவிட்டு அழகம்மா அங்கேயே உட்கார்ந்துகொண்டார். டிக்கெட் இல்லாமல் ஓர் அடி உள்ளே வைத்தாலும் லயத்து ஆட்களுக்கு வழக்குப் போடுகிறார்களாம். அக்கா சட்டம் பேசுகிறவர், முன்கூட்டியே எங்கள் இருவருக்கும் டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்.

அவர் செருப்பைக் கழற்றினார்.

"அக்கா, நாம வேதக்காரங்க."

"இருக்கட்டும்டா, போட்டுக்கிட்டுப் போனா அழகம்மாவுக்கு மனசு நோகும். கழட்டு."

கழற்றினேன். சவுக்காரம் தேய்க்க மறந்தேன். பத்து நிமிஷத்தில் கால் விரலிடுக்கில் மூன்று அட்டை, கொழுத்த திராட்சை மாதிரி. பிய்த்து எறிய எறிய அது கையில் ஒட்டிக்கொண்டது. சீ! இந்த மாதிரி ஒரு பிராணியைக் கடவுள் எந்த நாள் படைத்தார் என்று வேதாகமத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

மேலே போய் நின்றதும் கொஞ்சநேரம் அட்டையை மறந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், இடம் அழகுதான். மழையும் காற்றும் எத்தனையோ ஆயிரம் வருஷமாக மலையை அரித்து அரித்து, நடுவில் ஒரு பெரிய பள்ளத்தை உண்டாக்கியிருக்கின்றன. கரையாமல் மிஞ்சிய பாறைகள் இரண்டு பக்கமும் வரிசையாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கீழ்த்தாடை, மேல்தாடை. பேச்சிப் பல் என்று லயத்து ஆட்கள் வைத்த பெயர் அத்தனை பொருத்தம். பூங்காக்காரர்கள் வைத்த பலகையில் 'தேவதைக் கோட்டை' என்று இருந்தது. தேவதையாம்!

அந்தப் பல்லிடுக்கெல்லாம் ஊத்தை. பிஸ்கட் பைகள், தண்ணீர்ப் போத்தல்கள், யாரோ குழந்தைக்கு மாற்றிய நாப்கின். இயற்கையைப் பார்க்க வந்த ஒரு பெரிய மனிதர் இயற்கையின் மேலேயே ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். பார்வை மேடையில் புதுசாகக் கல்யாணமான ஒரு சோடி. மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்தப் பொடியன் குதிச்சது எந்த இடம்? அதுல நிண்டு ஒரு படம் எடுத்துத் தாறீங்களா?"

பெண் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு அவர்களைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அப்போதுதான் விடுதி முகாமையாளர் வந்தார். பிரதாப். கொழும்புத் தமிழ், வாசனைத் தண்ணீர், இலைச் சின்னம் போட்ட பச்சைச் சட்டை. சட்டைப் பையில் 'இயற்கையோடு வாழ்வோம்' என்று தைத்திருந்தது. எங்களுக்கு ஈரத் துணியும் பழச்சாறும் கொண்டுவரச் சொன்னார்.

"பாவம் மேடம், நல்ல பொடியன். லவ் ஃபெயிலியரா இருக்கும்."

"பள்ளத்துக்குள்ள இறங்கித் தேடினாங்களா?" என்று அக்கா கேட்டார்.

"ஐயோ, அதுக்குள்ள எப்படி இறங்குறது? சரியான ஆபத்து. பொலிஸ் இங்க நிண்டு பைனாகுலர்ல பார்த்தாங்க. காட்டுப் பண்டி இழுத்திட்டுப் போயிருக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல அவன்ட ஃபோன் ஏதும் இருந்திச்சா?"

"ஏன்?"

"இல்ல, சும்மா. கம்பனி நம்பர் அது. கிடைச்சா எனக்கு முதல் சொல்லுங்க."

எட்டு நாளைக்கு முன் செத்துப்போன பையனைப் பற்றி ஒரு நிமிஷம். அவனுடைய ஃபோனைப் பற்றி மூன்று நிமிஷம். அவர் போனதும் நான் பழச்சாற்றைக் கீழே வைத்தேன். வீண் செய்யவில்லை, அதற்குள் குடித்து முடித்திருந்தேன்.

"அக்கா, கேஸ் முடிஞ்சிது. இந்த ஆள்தான் தள்ளியிருக்கான்."

"தள்ளினவன் சப்பாத்தை எங்க வைப்பான்?"

"குதிச்ச மாதிரிக் காட்டணும்னா விளிம்புலதான்."

"பிரதாப் சப்பாத்தோடதானே இங்க நிக்கிறார்? கல்லடியில கழட்டுறது லயத்து ஆளுங்க பழக்கம். வெளியாள் வச்சிருந்தா சப்பாத்து இந்தப் பலகைக்குக் கீழதான் கிடந்திருக்கும்."

"அப்ப குதிக்கவும் இல்ல, தள்ளவும் இல்லைன்னா பையன் என்ன ஆவியாப் போயிட்டானா?"

"இறங்கிப் பாப்போம். அந்த அம்மா கேட்டது அது ஒண்ணுதானே?"

விறகுப் பாதை என்று அழகம்மா காட்டியது பாதையே இல்லை. வேரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்க வேண்டும். பாதித் தூரத்தில் ஒரு நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. பிணநாற்றம் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். பிணமே தேவலை!

பள்ளத்தின் அடியில் ஓடை இருந்திருக்க வேண்டும். இருந்தது கறுப்புக் கூழ். மேலே நுரை, நுரைக்கு மேலே ஈ. விடுதி இருக்கிற பக்கத்துப் பாறை வெடிப்பிலிருந்து என் தொடை தடிப்பில் ஒரு நீலக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே நிற்கிற யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு தடவை இருமி, வாயால் சொல்லக் கூடாததை எல்லாம் கக்கியது. அறுபது அறைக் கக்கூசு. கூடவே குசினிக் கழிவு, மீன் குடல், நூற்றுக்கணக்கான குட்டி ஷாம்பு போத்தல்கள். ஒவ்வொன்றிலும் அந்தப் பச்சை இலைச் சின்னம்.

பேச்சியின் வாயில் கொண்டுவந்து பேண்டு வைத்திருக்கிறார்கள், பாவிகள்! காலையில் தின்ற ரொட்டி இந்தத் தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை.

நான் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அக்கா கொஞ்சம் கீழே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததேயில்லை. அங்கே ஒரு கறுப்புப் பைப் அந்தக் கூழுக்குள் வாய் வைத்திருந்தது. அதன் மறுமுனை தேயிலைக்குள் இறங்கி, லயத்தை நோக்கிப் போனது. லயத்து ஆட்கள் குடம் வைத்துப் பிடிக்கும் பீலிக்குத் தண்ணீர் போகிற வழி அதுதான். பைப்பின் வாயில் யாரோ பழைய சேலைத் துண்டை நாலாக மடித்துக் கட்டியிருந்தார்கள். வடிகட்டுகிறார்களாம், பாவம். பூப்போட்ட சேலை. பூ எந்த நிறம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"உனக்கு ஏன் தேத்தண்ணி தரலைன்னு இப்பத் தெரியுதா?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் அவர்கள் குடிப்பது இதைத்தான், வேறு வழியில்லை. வந்தவனுக்குக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. அந்த மஞ்சள் கண் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தது.

"பிணம் எங்க அக்கா? தேட வேணாமா?"

"வேணாம். ஏறு."

கல்லடியில் அழகம்மா அப்படியே உட்கார்ந்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். "பாத்தீங்களா மிஸ்?" என்றார். மகனைப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார்.

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாத்தோம். நிரோஷனை எங்க அனுப்பியிருக்கீங்க?"

நான் வாயைப் பிளந்தேன். அழகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க ஒரு தடவைகூட 'என் மகனைக் கண்டுபிடிச்சுக் குடுங்க'ன்னு கேக்கல அழகம்மா. 'பள்ளத்துல இறங்குங்க'ன்னுதான் கேட்டீங்க. சவுக்காரம் தேச்சுக்கிட்டு இங்கவரைக்கும் வந்து, சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டு நடந்து போயிட்டான். அப்படித்தானே?"

"இறம்பொடைப் பக்கம் எங்க சின்னம்மா மக வீட்டுல இருக்கான் மிஸ்." அழுகை வெடித்தது. "நாங்க என்னா செய்யிறது? மூணு மாசமாத் தண்ணி நாறுது. லயத்துல பதினோரு பேருக்குக் காமால. தோட்டத்துல சொன்னோம், பூங்கா எங்களுக்குச் சம்பந்தமில்லேன்னாங்க. பூங்காக் கந்தோருக்குப் போனோம், சாட்சி கொண்டான்னாங்க. எம் மகன் அந்தக் கொழாயை வீடியோ எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டுனான். இது வேற எங்கயோ எடுத்ததுன்னு சொல்லிட்டாங்க. அதுக்குள்ள அந்த மேனேஜருக்குத் தெரிஞ்சிருச்சு. ஃபோனைக் குடு, இல்லாட்டி காட்டுக்குள்ள திருடுனேன்னு உள்ள தள்ளிடுவேன்னு நின்னான்."

"அதனால?"

"யாராச்சும் ஒருத்தர் எறங்கிக் கண்ணால பாத்தாப் போதும்னு நெனச்சோம். ஒரு உசுரு போச்சுன்னா பொணத்தத் தேட எறங்கித்தானே ஆவணும்? நான்தான் சொன்னேன் மிஸ், சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டுப் போடான்னு." அவர் மூக்கைச் சிந்தினார். "வந்தாங்க. மேல நின்னு கண்ணாடி வச்சுப் பாத்தாங்க. இருபது நிமிசம். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தரும் எறங்கல."

செத்தால் தேடுவார்கள் என்று நம்பியதுதான் இவர்கள் செய்த ஒரே தப்பு. லயத்துப் பையன் செத்தால் பைனாகுலர் போதும் என்று யாரும் இவர்களிடம் சொல்லி வைக்கவில்லை. த்தூ! இதுவும் ஒரு நாடு, இதிலும் நான் ஆட்டோவில் கொடி கட்டி ஓட்டுகிறேன்.

அக்கா எழுந்தார். என்னைப் பார்த்தார். சரியாகச் சொன்னால், எனக்கு மேலே பார்த்தார்.

"தொப்பியைக் குடு."

"எதுக்கு?"

"குடுடா."

பறித்துக்கொண்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அக்கா பார்வை மேடைக்கு ஏறி, கீழே பார்த்த இடத்தைக் கணக்குப் போட்டு, நீலக் குழாய்க்கு நேர்மேலே நின்று, தொப்பியைக் கீழே விட்டார். என் இரண்டு வருஷத் தொப்பி அழகாகச் சுற்றிச் சுற்றி இறங்கி, குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பாறையில் போய் உட்கார்ந்தது.

"அக்கா! என் கிளவுஸ்!"

அவர் ஃபோனை எடுத்துவிட்டார். சிங்களத்தில், கந்தோரில் கடிதம் வாசிக்கிற நிதானத்தோடு பேசினார். பூங்காப் பள்ளத்துக்குள் ஒரு தொப்பி கிடக்கிறது. வெளிநாட்டுக்காரருடைய தொப்பி. உள்ளே கிளவுஸ் என்று பெயர் எழுதியிருக்கிறது. அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை!

மறுமுனையில் சார்ஜன்ட் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. "சுத்தெக்த?" வெள்ளைக்காரனா?

"ஒவ்," என்றார் அக்கா. ஆமாம்.

மணி பன்னிரண்டு பத்து. ஒன்று இருபதுக்கு இரண்டு பொலிஸ் ஜீப், ஒரு இராணுவ லொறி, கயிறு, தூக்குப் படுக்கை, டாக்டர், பூங்கா அதிகாரி, சுற்றுலாத் துறையிலிருந்து டை கட்டிய ஒருவர். பைனாகுலரை யாரும் எடுக்கவில்லை. கயிறு கட்டிப் பதினான்கு பேர் இறங்கினார்கள். பொலிஸ் பொறுப்பதிகாரியே இறங்கினார். புதுமணச் சோடி விளிம்பில் நின்று ஃபோனில் நேரலை போட்டது. நான் அவர்களைத் தள்ளிவிடாதது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று!

கீழே முதல் ஆள் வாந்தி எடுத்தான். அடுத்தது இரண்டாம் ஆள். பொறுப்பதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து விடுதியைப் பார்த்தார். குழாய் அப்போது பார்த்து இன்னொரு தடவை இருமியது. அவருடைய காற்சட்டை முழங்கால்வரை நிறம் மாறியது. அத்தனையும் நேரலையில் போனது.

பிரதாப் ஓடி வந்தார். வாசனைத் தண்ணீர் வியர்வையில் கரைந்திருந்தது. "இது பழைய குழாய், நாங்க பாவிக்கிறதில்ல" என்றார். டை கட்டியவர், கையில் ஒரு குட்டி ஷாம்பு போத்தலைப் பிடித்துக்கொண்டு, தள்ளி நிற்கும்படி அவரிடம் சொன்னார். சுகாதாரப் பரிசோதகர் மூன்று மணிக்கு வந்தார். நாலு மணிக்குக் குழாய்க்கு முத்திரை வைத்தார்கள், விடுதி வாசலுக்கும். லயத்துக்குத் தண்ணீர் பவுசர் லொறி வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

பொறுப்பதிகாரி மேலே வந்து அக்காவை முறைத்தார். வெள்ளைக்காரன் எங்கே என்றார். நான் தொப்பி என்றுதானே சொன்னேன் என்றார் அக்கா. பொறுப்பதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், சோடியின் ஃபோன் தன் பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டதும் மூடிக்கொண்டார். ஒரு சிப்பாய் குச்சி நுனியில் என் தொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து இது யாருடையது என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அந்த நாற்றத்தைத் தலையில் வைக்க என்னால் முடியாது.

நாங்கள் கல்லடிக்கு இறங்கினோம். அங்கிருந்து எல்லாம் தெரிந்திருக்கிறது. ஜீப்பும், லொறியும், கயிறும். அழகம்மா அழவில்லை. கயிற்றில் இறங்கிய ஆட்களை எண்ணியிருக்கிறார், பதினான்கு பேர் என்று சரியாகச் சொன்னார்.

"ஒரு மணித்தியாலம் பத்து நிமிஷத்துல வந்துட்டாங்க," என்றேன் நான், சும்மா இருக்க முடியாமல். "அதுவும் ஆளுக்கு இல்ல, தொப்பிக்கு."

அவர் என் வெறுந்தலையைப் பார்த்தார்.

"அந்த மாதிரித் தொப்பி பொகவந்தலாவைக் கடையில இருக்குங்களா தம்பி?"

"இருக்கும். ஏன்?"

"தெரிஞ்சிருந்தா மொதல்லயே அதுல ஒண்ணு வாங்கிப் போட்டிருப்பேன். எம் புள்ளையச் சாகடிச்சிருக்க மாட்டேன்."